பதினாலு விளக்கு வீடு

தையல்காரம்மா வீட்டில் ஊசி கோர்ப்பதை நிறுத்தி நாலு மாதம் ஆகிவிட்டது. தையலை நிறுத்தவில்லை, கோர்ப்பதை மட்டும்தான் நிறுத்தினாள். அதெப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பகலில் அவள் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில், வாங்கியவர்களுக்கு அளவு சரிசெய்து கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பாள். கண்ணாடிச் சுவரை ஒட்டிய மேசை. மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு ஊர்க்கதை பேசும்போது, இவள் மட்டும் பன்னிரண்டு ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டு நூல் கோர்ப்பாள். ஆறில் கறுப்பு நூல், ஆறில் கருநீலம். ஒரு சின்னத் துணித் தலையணையில் அவற்றை வரிசையாகக் குத்தி, டப்பாவில் மூடிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். இடது பக்கம் கறுப்பு, வலது பக்கம் கருநீலம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து வெளி ஆர்டர் தைக்கும்போது அதிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொள்வாள். திருட்டுத்தனம் என்றால் திருட்டுத்தனம்தான். ஆனால் பயந்துபோன மனுஷி வேறு என்ன செய்வாள்?

பயம் இதுதான். அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பகலில் அம்மாவுக்குக் கழுகுக் கண். பொழுது சாய்ந்தால் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகிவிடும், படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவுவாள். முதலில் சாயங்காலங்கள் போயின, பிறகு பகலும் போயிற்று. ஐம்பத்தைந்து வயதில் அம்மா சுவரைத் தடவிக்கொண்டுதான் சமையலறைக்குப் போனாள். தையல்காரம்மாவுக்கு இப்போது ஐம்பத்து நாலு.

இந்தப் புது வீட்டுக்கு வந்த மறு மாதமே அவளுக்கு அது தொடங்கிவிட்டது. கடையில் இருக்கும்வரை எல்லாம் பளிச்சென்று தெரியும். வீட்டுக்கு வந்து தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் ஊசியின் காது காணாமல் போய்விடும். நூல்கண்டுகள் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். ஒரு தடவை நீலக் கால்சட்டையின் அடியைக் கறுப்பு நூலால் மடித்துத் தைத்துக் கொடுத்து, வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அவர் ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை. ஆனால் தையல்காரம்மா அதைப் பிரித்து மறுபடி தைக்கக் கடைக்குத்தான் எடுத்துக்கொண்டு போனாள்.

கண் டாக்டரிடம் போனால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். டாக்டர் கடைக்கு எதிரிலேயே இருக்கிறார். இவள் வாசல்வரை இரண்டு தடவை போயிருக்கிறாள். டாக்டர் வாயைத் திறந்து "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் அது ஆமாம் ஆகிவிடும். அவர் சொல்லாதவரைக்கும் இல்லை என்றே இருக்கட்டும் என்று இரண்டு தடவையும் திரும்பிவிட்டாள். வீட்டிலும் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் புருஷன் முதல் வேலையாகத் தையல் மிஷினை மூட்டை கட்டுவார். "போதும்மா, நீ தைச்சதெல்லாம் போதும், சும்மா உட்காரு" என்பார். முப்பத்திரண்டு வருஷமாக ஓடிய கை சும்மா இருந்தால் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அந்தப் புருஷனைப் பற்றியும் சொல்லவேண்டும். பஸ் டிரைவர். நல்ல மனுஷர், ஆனால் ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டால் இறக்கமாட்டார். எங்கேயோ ஒரு பெரிய ஓட்டலின் முன்கூடத்தில் கூரை முழுக்கக் குட்டிக் குட்டியாக மஞ்சள் விளக்குகள் மின்னுவதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு வந்தது வினை. புது வீட்டில் சமையலறை எப்படி இருக்கவேண்டும், அலமாரி எங்கே வரவேண்டும் என்பதில் எல்லாம் வாயைத் திறக்காதவர், விளக்கு விஷயத்தில் மட்டும் ஒருவரையும் கிட்டே விடவில்லை. ஹாலில் மட்டும் பதினாலு. சாமான்கள் வருவதற்கு முன்பே, காலி வீட்டில், கூரையை மட்டும் பார்த்து அளந்து அளந்து பதித்தார். ஸ்விட்சைத் தட்டினால் கூரை தங்கம் பூசியதுபோல ஜொலிக்கும். வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பதினாலு விளக்கு எரியும் வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று யாருக்காவது தோன்றுமா? தையல்காரம்மாவுக்கும் தோன்றவில்லை.

அவளுக்குப் புருஷன் மேல் வேறொரு மனத்தாங்கல் இருந்தது. பழைய வீட்டில் அவர் சாயங்காலம் டூட்டி முடிந்து வந்ததும் பேப்பரை விரித்து, ஒவ்வொரு செய்தியையும் உரக்கப் படித்து, "பாத்தியா அநியாயத்தை!" என்று தொடைமேல் தட்டுவார். தைத்துக்கொண்டே கேட்பாள், எரிந்து விழுவாள், மறுபடியும் கேட்பாள். புது வீட்டுக்கு வந்தபிறகு மனுஷர் பேப்பரை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்துவிடுகிறார். வீடு மாறவேண்டாம் என்று தான் அன்றைக்குச் சண்டை போட்டதை இன்னும் மனசில் வைத்திருக்கிறாரோ என்று இவளுக்குச் சந்தேகம். இப்படியாக, வீட்டில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது ஆள் மருமகள். மகன் கப்பலில் வேலை செய்கிறான், ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். மருமகள் மாமனார் மாமியாரோடுதான் இருக்கிறாள். மனசில் ஒன்று, வாயில் ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியாத பெண். அவள் ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாகக் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாள். கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து நின்றாள்.

"மாமா, சொன்னா கோவிச்சுக்காதீங்க. இந்த வீட்டுல லைட்டு சரியில்லை."

டிரைவருக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. "பதினாலு லைட்டு இருக்கும்மா! எண்ணிப் பாரு!"

"எண்ணிட்டேன் மாமா. என் விரலையும் எண்ணிப் பாத்துட்டேன். பத்து இருக்கிறப்பவே சரி பண்ணிடலாம்."

அவள் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் ஒருத்தியின் வீட்டுக்கு விளக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறாராம். எல்லாரும் லைட்டு மாஸ்டர் என்று கூப்பிடுவார்களாம். முப்பது வருஷம் நாடக மேடைகளுக்கு விளக்குப் போட்டவர். வியாழக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியாகிவிட்டது.

"சும்மா வந்து பாத்துட்டுப் போற ஆளு இல்லை அத்தை. வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தரையும் அவங்கவங்க இடத்துல உட்கார வெச்சு, அவங்கவங்க வேலையைச் செய்யச் சொல்லி, பக்கத்துல நின்னு பாப்பாராம். அப்புறம்தான் லைட்டைப் பத்தியே பேசுவாராம்."

தையல்காரம்மாவுக்குக் கையில் இருந்த கத்தரிக்கோல் நழுவியது. பக்கத்தில் நின்று பார்ப்பாராம்! இத்தனை நாள் கட்டிக் காப்பாற்றிய ரகசியத்தை, ஊர் பேர் தெரியாத ஒரு மனுஷன் வந்து நடுக்கூடத்தில் போட்டு உடைக்கப்போகிறான். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

போதாக்குறைக்கு அந்த வாரம்தான் பெரிய ஆர்டர் ஒன்று கையில் இருந்தது. ஓர் ஓட்டலின் வரவேற்பு ஆட்களுக்கு எட்டுக் கருநீலக் கோட்டு, சாப்பாட்டுக்கூடத்து ஆட்களுக்கு எட்டுக் கறுப்புக் கோட்டு. திங்கட்கிழமை கொடுக்கவேண்டும். துணியைக் கடையில் பகல் வெளிச்சத்தில் வெட்டித் தனித்தனிக் கட்டாகக் கட்டியிருந்தாள். வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்ததும் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிட்டன. கையால் தடவி, இடம் பார்த்து வைத்து, நினைவில் வைத்துத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை ஒரு கோட்டை முடித்துக் கொக்கியில் மாட்டினாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் காரணம் தெரியாமல் மனசு அடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை மத்தியானம் கடையில் ஊசி கோர்க்கும்போது இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள். அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு ஊசிக்கும் இரட்டை முழ நீளம் நூல் விட்டாள். என்ன கேட்டாலும் சமாளிக்கலாம் என்று ஒரு நினைப்பு.

லைட்டு மாஸ்டர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஒல்லியான, நெட்டையான ஆள். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, தோளில் வயர் சுருள் எட்டிப் பார்க்கும் பை. டிரைவர் அவரை நடுக்கூடத்தில் நிறுத்தி, "முதல்ல இதைப் பாருங்க மாஸ்டர்" என்று ஸ்விட்சைத் தட்டினார்.

கூரை ஜொலித்தது. மாஸ்டர் தலையை நிமிர்த்தி ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். உங்க கூரை ரொம்பக் கொடுத்து வெச்சது."

டிரைவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மீசையைத் தடவினார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, இப்ப எனக்கு ஒண்ணு தெரியணும். மேடையில நடிகர் எங்க நிப்பாருன்னு தெரியாம லைட்டு கட்டினா டைரக்டர் என்னை உதைப்பாரு. இந்த வீட்டுல யாரு, எங்க, என்ன பண்றீங்க? வாயால சொல்லக் கூடாது. செஞ்சு காட்டணும்."

முதலில் மருமகள். சமையலறையில் பலகையை வைத்து வெங்காயம் நறுக்கினாள். மாஸ்டர் அவளையும் பார்க்கவில்லை, விளக்கையும் பார்க்கவில்லை, பலகையையே பார்த்தார். கூரை நடுவில் எரிந்த விளக்கு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவளுடைய தலையின் நிழலும் தோளின் நிழலும் சரியாக வெங்காயத்தின் மேல் விழுந்து கிடந்தன.

"பாப்பா, உன் முதுகுக்கு அருமையான வெளிச்சம். முதுகாலயா நறுக்குற?"

மருமகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "அட, ஆமா!" என்றாள். அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

அடுத்தது டிரைவர். நாற்காலியில் உட்கார்ந்தார். "பேப்பர் படிங்க சார்" என்றார் மாஸ்டர்.

"நான் காலையிலேயே படிச்சு முடிச்சுட்டேனே."

"பரவாயில்லை, எனக்காக இன்னொரு தடவை."

டிரைவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்தார். மாஸ்டர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுத் தையல் மிஷின் பக்கம் திரும்பினார்.

அவள் முன்னேற்பாடாகத்தான் உட்கார்ந்திருந்தாள். துணித் தலையணையிலிருந்து வலது பக்க ஊசி ஒன்றை உருவினாள். கருநீலக் கோட்டின் பொத்தான் ஒன்றை எடுத்துத் தைத்தாள். கை பழகிய வேலை, கண் எதற்கு? நாலே குத்தில் பொத்தான் நின்றது, நூலை நறுக்கி ஊசியைத் திரும்பத் தலையணையில் குத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். தப்பித்துவிட்டோம் என்று இருந்தது.

மாஸ்டர் பொத்தானைப் பார்க்கவில்லை. தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு ஊசி. பன்னெண்டும் கோத்து ரெடியா இருக்கு. என்னம்மா, பட்டாளத்துக்கா தைக்கிறீங்க?"

"அது வந்து... நேரம் மிச்சமாகுமேன்னு."

மாஸ்டர் குனிந்து ஓர் ஊசியை எடுத்தார். நூலை உருவிப் போட்டார். வெறும் ஊசியை அவளிடம் நீட்டினார். "இப்ப இதைக் கோருங்கம்மா. அவசரம் இல்லை."

நூலின் நுனியை நாக்கில் வைத்து நனைத்தாள். முறுக்கினாள். ஊசியைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போயிற்று. அடுத்த தடவை அந்தப் பக்கம் போயிற்று. மூன்றாவது தடவையும் உள்ளே போகவில்லை. புருஷன் பேப்பரை இறக்கிவிட்டார், மருமகள் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். இரண்டு பேரும் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரம்மா ஊசியை மேசையில் வைத்தாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

"எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு" என்றாள். "எங்கம்மாவுக்கு வந்த மாதிரியே வந்துடுச்சு. பகல்ல நல்லாத் தெரியுது, பொழுது போனா ஒண்ணும் தெரியலை. நாலு மாசமா கடையில ஊசி கோத்து எடுத்துட்டு வரேன். கறுப்பு எது நீலம் எதுன்னு தெரியாம நூல் டப்பா ரெண்டையும் இடம் மாறாம வெச்சுத் தைக்கிறேன். போதுமா?"

சொல்லி முடித்ததும் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். நாலு மாதத்து அழுகை, லேசில் நிற்குமா?

"ஏன்டி எங்கிட்ட சொல்லலை?" என்றார் டிரைவர்.

"சொன்னா மிஷினை மூட்டை கட்டிடுவீங்க."

அது உண்மை என்று அவருக்கும் தெரியும்.

மாஸ்டர் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. கல் நெஞ்சக்காரனோ என்று தையல்காரம்மாவுக்குத் தோன்றியது. அவர் பாட்டுக்குக் குனிந்து கேட்டார். "கறுப்பு நூல் எந்த டப்பாம்மா?"

"இடது."

இடது டப்பாவிலிருந்து ஒரு கண்டு, வலது டப்பாவிலிருந்து ஒரு கண்டு எடுத்தார். கறுப்பின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு இரண்டையும் மருமகள் முன்னால் நீட்டினார்.

"பாப்பா, உனக்கு என்ன வயசு?"

"இருபத்தேழு."

"இதுல கறுப்பு எது?"

மருமகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கிட்டே வாங்கிப் பார்த்தாள். கடைசியில் ஒன்றைத் தொட்டாள். மாஸ்டர் கையைத் திறந்தார். முடிச்சு மற்றதில் இருந்தது.

"இதுல என்ன பெரிய கஷ்டம்? இங்க கொடுங்க" என்று டிரைவர் எழுந்து வந்தார். மாஸ்டர் கண்டுகளைப் பின்னால் கொண்டுபோய் மாற்றி நீட்டினார். டிரைவர் மூன்று நிமிஷம் பார்த்தார். "இதுதான் கறுப்பு."

"எப்படிச் சொல்றீங்க சார்?"

"அது... கொஞ்சம் கறுப்பா இருக்கு."

முடிச்சு அதில் இல்லை.

"எனக்கும் தெரியாது சார்" என்றார் மாஸ்டர். "முப்பது வருஷம் கலர் லைட்டோட குடித்தனம் பண்ணவன் நான். முடிச்சு மட்டும் இல்லைன்னா நானும் உங்க மாதிரி முழிச்சுக்கிட்டுத்தான் நிப்பேன்."

தையல்காரம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். மருமகளின் முகத்தையே பார்த்தாள். "உனக்குமா தெரியலை? நிஜமாவா? எனக்காகச் சொல்லலையே?"

"சத்தியமாத் தெரியலை அத்தை! ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு!"

இருபத்தேழு வயசுக் கண்ணுக்கும் தெரியவில்லை. தினம் நூறு பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டும் கண்ணுக்கும் தெரியவில்லை. அந்த நொடியில் தையல்காரம்மாவின் வயிற்றில் யாரோ பாலை வார்த்தார்கள். ஆனாலும் முழுசாக நம்பப் பயமாக இருந்தது.

மாஸ்டர் பையைத் திறந்து, கவ்வியோடு கூடிய ஒரு விளக்கை எடுத்தார். வயரைச் சொருகினார். அவளுக்கு இடப்புறம், சற்று முன்னால், அலமாரிப் பலகையில் கவ்வ வைத்துத் தலையைக் கீழே திருப்பினார். "சோத்துக்கை வலதுதானே? அப்ப வெளிச்சம் இடது பக்கமிருந்து வரணும். இல்லைன்னா உங்க கை நிழலே உங்க தையல்மேல விழும். சார், உங்க பதினாலையும் அணைங்க."

டிரைவர் தயங்கித் தயங்கி ஸ்விட்சைத் தட்டினார். ஹால் மங்கியது. அடுத்த நொடி மாஸ்டரின் விளக்கு எரிந்தது. ஒற்றை விளக்கு. வெள்ளை வெளிச்சம் மேசைமேல் விழுந்தது.

இரண்டு நூல்கண்டும் மேசையில் கிடந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். குழந்தைகூடச் சொல்லிவிடும். தையல்காரம்மா ஊசியை எடுத்தாள். ஊசியின் காது தெரிந்தது, காதுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் விரல் ரேகை தெரிந்தது. நூலை நனைக்கக்கூட இல்லை. ஒரே தடவையில் உள்ளே போய்விட்டது.

"போயிடுச்சு!" என்று மருமகள் கத்தினாள்.

தையல்காரம்மா எழுந்து, கொக்கியில் மாட்டியிருந்த அந்தக் கோட்டைக் கொண்டுவந்து விளக்கின் கீழே விரித்தாள். அதில் என்ன இருக்கிறது என்று அவள் மனசுக்குத் தெரிந்தே இருந்தது. உடம்பு கருநீலம். வலது கை கருநீலம். இடது கை, பளிச்சென்று, சந்தேகத்துக்கே இடமில்லாமல், கறுப்பு.

"அய்யய்யோ!" என்றார் டிரைவர்.

தையல்காரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். தான் பண்ணிய தப்பைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை அந்த வீடு அதற்கு முன் பார்த்ததில்லை.

"தப்பு தெரியுதுங்க! எனக்குத் தப்பு நல்லாத் தெரியுது!"

"இந்த மாதிரி மஞ்சள் பல்புல கலரெல்லாம் செத்துப்போயிடும்மா" என்றார் மாஸ்டர், வயரைச் சரிசெய்துகொண்டே. "அதுவும் தலைக்கு மேலேருந்தும் முதுகுக்குப் பின்னாலேருந்தும் வந்தா, எல்லாரும் அவங்கவங்க நிழலுக்குள்ளயே உட்கார்ந்து வேலை செய்யணும். உங்க கண்ணுல என்ன இருக்குன்னு டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்ல முடியாது. கட்டாயம் போங்க. ஆனா இந்த வீட்டு வெளிச்சத்துல யாருக்கும் தெரியாதுன்னு மட்டும் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அப்போதுதான் டிரைவர் மெதுவாக நாற்காலியை இழுத்துக்கொண்டு விளக்குப் பக்கம் வந்தார். கையில் பேப்பர் இருந்தது. விரித்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. ஒரு வரி படித்தார், இரண்டு வரி படித்தார். பேப்பரை மடியில் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னங்க?"

"எனக்கும்தான்டி" என்றார். "இங்க வந்ததுலேருந்து எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. வண்டியில உட்கார்ந்தா எல்லாம் தெரியுது, வீட்டுக்கு வந்தா தெரியலை. அடுத்த மாசம் டிப்போவுல கண் டெஸ்ட். வெளிய சொன்னா வண்டியைப் பிடுங்கிடுவாங்கன்னு பயந்து, வாயை மூடிட்டு இருந்தேன்."

"அப்ப தினமும் பேப்பரை விரிச்சு வெச்சுட்டு என்ன பண்ணீங்க?"

"சும்மா பிடிச்சுட்டு இருந்தேன்."

"நீங்க விரிச்சப்பவே பாத்தேன்" என்றார் மாஸ்டர். "சார், அது போன வெள்ளிக்கிழமைப் பேப்பர்."

மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல்காரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "பாவி மனுஷா! எம்மேல கோவம்னு நினைச்சு நாலு மாசமா நான் தூங்கலை!"

"நீ மட்டும் என்ன? டப்பாவுக்குள்ள ஊசியைக் கோத்து ஒளிச்சு வெச்சுட்டு!"

ஒரே கூரையின் கீழ், அதே பதினாலு விளக்கின் கீழ், ஒருவருக்கொருவர் தெரியக்கூடாது என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் குருடாகிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மருமகளும் தன் பங்கைச் சொன்னாள். தனக்குச் சமையல் கைவராது என்று அவள் முடிவே கட்டிவிட்டாளாம்.

அதற்குப் பிறகு மாஸ்டர் வேலையை ஆரம்பித்தார். கையில் சாக்பீஸோடு தரையில் மண்டி போட்டார். தையல் நாற்காலி எங்கே, டிரைவர் நாற்காலி எங்கே, மருமகள் நிற்கும் இடம் எங்கே என்று ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டார். வட்டம் போட்ட பிறகுதான் தலையை நிமிர்த்தினார். சமையலறையில், மேல் அலமாரியின் அடிப்பக்கம் நீளமாக ஒரு விளக்கு, வெளிச்சம் நேரே பலகையில் விழும்படி. டிரைவர் நாற்காலிக்குப் பின்னால், தோளுக்கு மேலே தலை நீட்டும் ஒரு நிற்கும் விளக்கு. தையல் மேசைக்கு இடப்புறம், திருப்பித் திருப்பி வைக்கக்கூடிய ஒன்று. குளியலறைக் கண்ணாடிக்கு மேலே ஒன்று வேண்டாம், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போதும்.

"அப்ப என் பதினாலு?" டிரைவர் குரல் பரிதாபமாக இருந்தது.

"அது இருக்கட்டும் சார். விருந்தாளி வந்தா போடுங்க. வாயைப் பிளக்கட்டும். போனதும் அணைச்சுடுங்க."

மாஸ்டர் தன் கவ்வு விளக்கைத் திங்கட்கிழமைவரை இரவல் கொடுத்துவிட்டுப் போனார். அதன் வெளிச்சத்தில் அன்றைக்கே கறுப்புக் கையைப் பிரித்துக் கருநீலக் கையை வைத்துத் தைத்தாள் தையல்காரம்மா. அதுவரை தைத்து முடித்திருந்த மற்றக் கோட்டுகளையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். வேறு எதிலும் தப்பு இல்லை. பக்கத்தில் டிரைவர் போன வெள்ளிக்கிழமைச் செய்திகளை உரக்கப் படித்துத் தொடையில் தட்டினார். எல்லாம் பழைய சேதி, தெருவே பேசி ஓய்ந்தது. இருந்தாலும் அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டுக்கொண்டாள்.

டாக்டரிடம் சனிக்கிழமை போனார்கள். மருமகள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள், இல்லாவிட்டால் மூன்றாவது தடவையும் வாசலோடு திரும்பியிருப்பாள். தையல்காரம்மா அம்மாவின் கதையை ஒன்றும் விடாமல் சொன்னாள். டாக்டர் சொட்டு மருந்து விட்டார், இருட்டறையில் உட்காரவைத்தார், ஒரு கருவிக்குள் கன்னத்தை வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்கம்மாவுக்கு வந்தது உங்களுக்கு இல்லைம்மா. கிட்டத்துல பாக்குற கண்ணாடியை மட்டும் மாத்துங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்."

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்."

அவர் இன்னொரு தடவை சொன்னார். மருமகள் மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னாள். பாவம், பொறுமைசாலி, அதையும் சொன்னார். வெளியே வந்ததும் தையல்காரம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருந்து விட்ட கண்ணில் தெரு முழுக்கக் கலங்கிக் கிடந்தது, அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

மாஸ்டரின் ஆட்கள் அடுத்த வாரம் வந்து விளக்குகளைப் பொருத்திவிட்டுப் போனார்கள். மருமகளின் விரலில் கட்டு இல்லை. டிரைவர் டிப்போவில் எல்லா வரியையும் படித்துத் தேறிவிட்டு வந்து, இப்போது விளம்பரத்தைக்கூட விடாமல் உரக்கப் படிக்கிறார். "கொஞ்சம் வாயை மூடுங்களேன், தலை வலிக்குது" என்று தையல்காரம்மா எரிந்து விழுகிறாள். அவர் மூடுவதில்லை.

புது விளக்கு வந்த முதல் சாயங்காலம், மேசை இழுப்பறையைத் திறந்தபோது அந்தத் துணித் தலையணை கிடந்தது. வியாழக்கிழமை கோர்த்த ஊசிகள் அப்படியே இருந்தன, இரட்டை முழ நூலோடு. அவள் அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். எல்லா ஊசியிலிருந்தும் நூலை உருவிக் குப்பைக் கூடையில் போட்டாள். கறுப்பு நூலையும் கருநீல நூலையும் புதிதாக நறுக்கி வைத்துக்கொண்டு, முதல் ஊசியை விளக்குக்கு நேரே பிடித்தாள். கோர்த்தாள். அடுத்தது. அதற்கடுத்தது.

மருமகள் டீயைக் கொண்டுவந்து வைத்தவள் நின்று பார்த்தாள். "என்ன அத்தை, அவசர ஆர்டரா?"

"இல்லையே."

"பின்ன எதுக்கு இத்தனை ஊசி?"

தையல்காரம்மா பதினோராவது ஊசியின் காதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சும்மாதான்டி."

பன்னிரண்டையும் கோர்த்துக் குத்தி வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் உருவிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.